ஆவுடை பாஸான டெஸ்ட்டு

உக்காருங்க அண்ணாச்சி, இப்பிடி எம்பக்கத்துல உக்காருங்க. அந்த மூலை ஃபேன் சும்மா பேருக்குத்தான் சுத்துது. உங்க டோக்கன் என்ன? ஓ, அப்ப இன்னும் நேரம் கெடக்கு. வீட்டம்மாவுக்கா? தூக்கம் இல்லையா? சரியாயிரும். கைராசிக்கார டாக்டருன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ.

உள்ள இருக்கது எம்மவ. ஆவுடையம்மாள்னு பேரு, ஆவுடைன்னு கூப்பிடுவோம். அவ உள்ள போயி ரொம்ப நேரமாச்சு. என்னைய வெளிய இருங்கன்னுட்டாரு டாக்டர். பெத்த தகப்பனை! 'நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார், நான் அவங்ககிட்ட பேசணும்'ங்காரு. பேசுங்க, யாரு வேண்டாங்கா? ஆனா அவ பேசமாட்டால்லா. சித்திரை கழிஞ்சதுல இருந்து வாயைத் தொறக்கல அண்ணாச்சி. எங்கிட்ட பேசல, அவ அம்மைகிட்ட பேசல, ஒரு ஈ காக்காகிட்ட பேசல. இவரு கேள்வியாக் கேட்டா யாரு பதில் சொல்லுவா? நான்தான சொல்லணும்? அந்த அறிவுகூடவா டாக்டருக்கு இல்ல?

நமக்கு ஊரு சங்கரங்கோயில். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். பஸ்ஸ்டாண்டுல எறங்கி நயினார் டிரைவிங் ஸ்கூல்னு கேட்டா சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். எங்கிட்ட சேந்து டெஸ்ட்டுல தோத்த ஆளுன்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, நான் மீசையை எடுத்துருதேன். எட்டுப் போடுததா இருந்தாலும் சரி, எல்.எல்.ஆருக்குக் கம்ப்யூட்டர்ல கேள்வி வருமே அதா இருந்தாலும் சரி. என்ன கேள்வி வரும், எந்தப் பதிலை அமுக்கணும், எல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுகூட எங்கிட்ட வந்தா பாஸ்தான். டெஸ்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கது எதுக்கு அண்ணாச்சி? பாஸ் பண்ணத்தான?

அந்தப் பாழாப்போன டெஸ்ட்டுதான் எம்மவளை இங்க கொண்டாந்து விட்டிருக்கு. சொன்னா நம்பமாட்டீங்க.

அவ பி.காம் படிச்சவ. கணக்குல கெட்டி. ஆனா வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு ஆளு வந்தா அடுக்களைக்குள்ள போயிருவா. எங்ககிட்ட பேசுவா, நல்லாப் பேசுவா, மெதுவா இழுத்து இழுத்துக் கதை சொல்லுவா. வெளியாளுகிட்ட அந்தச் சத்தம் வராது. யாராவது ஒரு சொல்லு சொல்லிட்டா அதையே நெனைச்சுக்கிட்டு இருப்பா. பள்ளிக்கூடத்துல டீச்சர் ஒருநா 'உனக்கு இருக்க திமிரு'ன்னு என்னமோ சொல்லிட்டாளாம். ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. நான்தான் போயி டீச்சர்கிட்ட பேசிட்டு வந்தேன். அவளுக்கு எல்லாம் நான்தான். காலேஜ்ல எந்த குரூப்பு எடுக்கணும், எந்தக் கலர் சுடிதார் அவளுக்கு எடுப்பா இருக்கும், எல்லாம் நான்தான் பாத்து முடிவு பண்ணுவேன். எம் பொண்டாட்டி வள்ளிமயிலு சொல்லுவா, 'அவளைக் கொஞ்சம் விடுங்க'ன்னு. விட்டா எங்க போவா? டிரைவிங் படிச்சுக்குடுக்க கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு அண்ணாச்சி. அது இல்லாம ஒரு பயலை ரோட்டுல எறக்குவனா?

என் மச்சினன் சுடலைமுத்து கோயம்புத்தூர்ல இருக்கான். அவன்தான் போன் பண்ணினான். 'மாமா, மிக்ஸி கிரைண்டர் பிரிட்ஜு விக்கிற கம்பெனி ஒண்ணு, பெரிய கம்பெனி, ஆளு எடுக்காங்க. ஆவுடையை எழுதிப் போடச் சொல்லுங்க'ன்னான். போட்டோம். இண்டர்வியூ போன்லயே முடிஞ்சுபோச்சு, கணக்குல நாலு கேள்வி கேட்டாவளாம், டக்குடக்குன்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம் ஒரு லிங்க்கு அனுப்பினாவ. இது என்னட்டின்னு கேட்டேன். 'எப்பா, இது படிப்புப் பரிட்சை இல்ல. நான் எப்பிடிப்பட்ட ஆளுன்னு பாக்காவளாம்'னா.

எப்பிடிப்பட்ட ஆளுன்னு பாக்க ஒரு டெஸ்ட்டு! எனக்குச் சிரிப்பாணியா வந்துச்சு. சரி, கம்பெனிக்காரன் கேக்கான், எழுதித்தான ஆகணும். நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே உக்காரவச்சேன். டிரைவிங் படிக்க வந்த பையனுக்குக் கிளாஸ் எடுக்கதை நிறுத்திட்டு, நானும் ஒரு சேரைப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். எல்லாம் இங்கிலீஷு. அவ ஒவ்வொண்ணா வாசிச்சுத் தமிழ்ல சொல்லுவா, நான் பதில் சொல்லுவேன், அவ அமுக்குவா. அப்பிடித்தான் ஓடுச்சு.

மொதல்ல என்னமோ போட்டிருந்தான். அதை வாசிச்சுட்டு, 'எப்பா, இதுல சரி தப்புன்னு ஒண்ணும் கெடையாதாம். யார்கிட்டயும் கேக்காம நம்ம மனசுல உள்ளதைப் போடணும்னு போட்டிருக்கு'ன்னா. நான் சொன்னேன், 'எல்லாப் பரிட்சையிலயும் அப்பிடித்தாண்டி போட்டிருப்பான். அதை எவன் படிக்கான்? நீ கேள்விக்கு வா'ன்னேன்.

புதுசா ஒருத்தரைப் பாத்தா நானே போயிப் பேசுவேன். ஆமாவா இல்லையா? அவ இல்லைன்னு போடப் போனா. கையைப் பிடிச்சுட்டேன். 'ஆமான்னு போடு. வேலைக்கு ஆளு எடுக்கவன் ஊமையையா எடுப்பான்?' அடுத்தது, கூட்டமா இருக்க எடத்துல எனக்கு உற்சாகமா இருக்கும். ஆமா. தனியா இருக்கதுதான் எனக்கு நிம்மதி. இல்ல. யாராவது கோவமாப் பேசினா ரொம்ப நேரம் மனசுல கெடந்து உறுத்தும். அதை வாசிச்சுட்டு என்னையப் பாத்தா. 'எப்பா, எனக்கு உறுத்துமேப்பா'ன்னா. 'எனக்குத் தெரியாதாட்டி? உறுத்தும்னு சொன்னா வேலை குடுப்பானா? இல்லைன்னு அமுக்கு.'

அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஒவ்வொரு கேள்விக்கும் அவளோட பதில் என்னன்னு அவளைவிட எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு நேர் எதிரை அமுக்கச் சொன்னேன். அம்புட்டுத்தான் சூட்சுமம்.

நடுவுல ஒண்ணு வந்துச்சு. முக்கியமான முடிவையெல்லாம் நானே எடுப்பேன்னு. 'ஆமான்னு போடு'ன்னேன். 'நான் எடுக்கலியேப்பா'ங்கா. 'ஆமான்னு போடுன்னு சொல்லுதேன்லா!' சிரிச்சா அண்ணாச்சி. சிரிச்சுக்கிட்டேதான் போட்டா. நான் அப்ப ரொம்பக் கடுமையால்லாம் இல்ல, விளையாட்டாத்தான் போச்சு.

கடைசில எனக்கு ஒரு போன் வந்துச்சு, ஆர்.டி.ஓ ஆபீஸ்ல இருந்து. வெளிய போயிப் பேசிட்டு வாரதுக்குள்ள இவ ஒரு கேள்விக்குத் தானா அமுக்கிட்டா. என்னன்னு கேட்டா, நான் சொல்லுறதை மத்தவங்க காதுகுடுத்துக் கேக்காங்க, அப்பிடின்னு ஒரு கேள்வியாம். இல்லைன்னு போட்டுட்டாளாம். எனக்கு வந்த கோவத்துக்கு! ஒரு மார்க்கை அநியாயமா விட்டுட்டியேன்னு ஏசினேன். நல்லவேளை, அதால ஒண்ணும் ஆகல. பாஸாயிட்டா.

பாஸ்னா சாதாரணப் பாஸ் இல்ல. ரிப்போர்ட்டு வந்துச்சு, படம் போட்டு, கோடு போட்டு. சுடலைமுத்துதான் படிச்சுச் சொன்னான். மன உறுதி மிக அதிகம். அடுத்தவர் கோபத்தைத் தாங்கும் திறன் மிக அதிகம். கூட்டத்தை வழிநடத்தும் குணம். அதை பிரிண்டு போட்டு லேமினேட் பண்ணி ஆபீஸ்ல மாட்டினேன். டிரைவிங் படிக்க வாரவங்ககிட்டல்லாம் காட்டினேன். அல்வா வாங்கி ஊரெல்லாம் குடுத்தேன். ஆவுடை மட்டும் அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே நின்னா. 'யாருப்பா இந்தப் பிள்ளை?'ன்னா. அதுக்கும் சிரிச்சோம்.

கணக்கு செக்ஷன்ல போடுவாவன்னு நெனைச்சோம். அங்க ரெண்டு பிரிவாம். ஒண்ணு கணக்கு. இன்னொண்ணு கம்ப்ளெயிண்டு. ஜனங்க போன் பண்ணி ஏசுவாவ, கேட்டுப் பதில் சொல்லணும். ரிப்போர்ட்டைப் பாத்துட்டு இவளைக் கம்ப்ளெயிண்டுல போட்டுட்டானுவ. நான் சரின்னேன். எதுன்னா என்ன, வேலை வேலைதான?

ஹாஸ்டல்ல தங்கினா. சாயந்தரம் போன் பண்ணுவா. மொதல்ல ஒண்ணும் சொல்லல. பெறகு பெறகு சொல்ல ஆரம்பிச்சா. ஒருத்தன் இவ அம்மையை இழுத்து ஏசினானாம். ஒருத்தன் 'நீ எந்த ஊருட்டி, வந்து பாத்துக்கிடுதேன்'னானாம். பிரிட்ஜு ஓடலன்னா எம்மவ என்ன செய்வா அண்ணாச்சி? அவளா செஞ்சா பிரிட்ஜை? ஒரு அம்மா போன் பண்ணி அழுதுச்சாம். பிள்ளைக்கு இன்சுலின் மருந்து பிரிட்ஜுல வச்சிருந்துச்சாம், அது கெட்டுப்போச்சாம். 'உன் வயித்துல பிறக்கப்போற பிள்ளைக்கும் இப்பிடி ஆவட்டும்'னு சாபம் விட்டுட்டுப் போனை வச்சிருச்சாம். இவ அதையே பிடிச்சுக்கிட்டா. தெனமும் கேப்பா. 'எப்பா, அந்தப் பிள்ளைக்கு மருந்து கெடைச்சிருக்குமாப்பா?' நமக்கென்னட்டி அதப்பத்தின்னு சொல்லுவேன். மறுநா திரும்பவும் கேப்பா. 'கெடைச்சிருக்குமாப்பா?'

அவளை மேய்க்க ஒரு டீம் லீடர் பையன். அவன்கிட்ட போயி, என்னைய கணக்குக்கு மாத்துங்கன்னு கேட்டிருக்கா. எம்மவ தானாப் போயி ஒருத்தன்கிட்ட கேட்டிருக்கான்னா பாத்துக்கிடுங்க. அவன் கம்ப்யூட்டரைத் தொறந்து காட்டினானாம். 'நீங்களே போட்டிருக்கீங்களே. யாரு ஏசினாலும் மனசுல வச்சுக்கமாட்டேன்னு. இப்ப எதுக்கு டிராமா?'ன்னானாம்.

அன்னைக்குப் போன்ல ஒரே அழுகை. 'எப்பா, அதெல்லாம் நான் போட்டது இல்ல, எங்க அப்பா சொல்லித்தான் போட்டேன்னு சொல்லிரவாப்பா?'ன்னா. என்ன சொல்லுதா இவ! வேலை போகும், கம்பெனியை ஏமாத்திட்டோம்னு கேஸு கீஸு போட்டா? ஆபீஸ்ல வேற மாட்டி வச்சிருக்கேன். நான் சொன்னேன், 'ஆவுடை, இந்த விஷயத்துல நீ வாயைத் தொறக்கக்கூடாது. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்பா மேல சத்தியம் பண்ணு'ன்னேன்.

பண்ணினா. நான் சொன்னா கேக்கிற பிள்ளை அண்ணாச்சி.

அதுக்குப் பெறகு போன்ல ஒண்ணும் சொல்லமாட்டா. சாப்பிட்டியான்னா ம். நல்லாருக்கியான்னா ம். நான் வள்ளிமயிலுகிட்ட சொன்னேன், பாத்தியா, பழகிட்டா, இனிமே பயமில்லைன்னு. ஒருநா ஹாஸ்டல் வார்டன் போன் பண்ணுதா. ஒங்க பொண்ணு ரூமை விட்டு வரமாட்டேங்கா, யாரு கூப்பிட்டாலும் பதில் இல்ல, போன் அடிச்சா ரெண்டு காதையும் பொத்திக்கிடுதா, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. போனோம். கட்டில்ல உக்காந்திருந்தா. என்னையப் பாத்தா. என்னமோ கேக்கப்போறாளோன்னு பாத்தேன். ஒண்ணும் கேக்கல.

என்னத்தச் சொல்ல? வார வழியெல்லாம் பேசுட்டி பேசுட்டின்னு கெஞ்சிக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் அப்பிடித்தான். சொன்னாச் சாப்பிடுவா, சொன்னாக் குளிப்பா. அவ அம்மை கோமதியம்மனுக்கு மாவிளக்குப் போட்டா. நான் கண்ணு பட்டுருச்சுன்னு திருஷ்டி கழிச்சேன். மந்திரிச்சுக் கயிறு கட்டினேன். எதுக்கும் அசையல. வீட்டுல சத்தமே இல்ல அண்ணாச்சி. நான் மட்டும் பேசிக்கிட்டு இருக்கேன். என் குரலைக் கேட்டா எனக்கே எரிச்சலா வருது.

எனக்கு ஆத்திரம் தாங்கல. அந்த ரிப்போர்ட்டைச் செவத்துல இருந்து கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு கோயம்புத்தூருக்குப் போனேன். நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் போனேன். சுபாஷினின்னு ஒரு மேடம், அவங்கதான் ஆளெடுக்கவங்க. டேபிள்ல போட்டேன் ரிப்போர்ட்டை. 'தாங்கும் திறன் மிக அதிகம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? எங்க தாங்கினா எம்மவ?'ன்னு கேட்டேன்.

அந்தம்மா மரியாதையாத்தான் பேசிச்சு. காப்பி வாங்கிக்குடுத்துச்சு. 'சார், இது பாஸ் பெயில் டெஸ்ட்டு இல்ல. யாருக்கு எந்த வேலை ஒத்துவரும்னு பாக்கத்தான். அமைதியா இருக்கதுதான் பிடிக்கும்னு போட்டிருந்தா கணக்குல போட்டிருப்போம். அங்க சத்தமே இருக்காது சார், நாலு பேருதான் இருக்காங்க'ன்னுச்சு. எனக்கு விளங்கல. பாஸ் பெயில் இல்லாத டெஸ்ட்டு உலகத்துல உண்டா? இருந்தா அதை எதுக்கு வைக்கான்? பெறகு அந்தம்மா என் முகத்தையே பாத்துச்சு. 'சார், அவங்கதான பதில் போட்டாங்க?'ன்னு கேட்டுச்சு.

பின்ன யாருன்னு கேட்டேன்.

என்ன பாக்கீங்க அண்ணாச்சி? வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? நான் கேக்கேன், ஒரு மனுசன் எப்பிடின்னு கண்டுபிடிக்கத்தான அந்த டெஸ்ட்டு? பக்கத்துல ஒருத்தன் சேரைப் போட்டு உக்காந்து சொல்லிக்குடுத்திருக்கான், அதைக்கூட அதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. அதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? அவனுக டெஸ்ட்டு ஒழுங்கா இருந்திருந்தா எம் பிள்ளைக்கு இந்த கதி வருமா? அவனுகளை நான் சும்மா விடமாட்டேன், கேஸு போடத்தான் போறேன்.

பெறகுதான் இந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்தோம். போன வாட்டி நானும் உள்ள இருந்தேன். இவரும் ஒரு தாளு வச்சிருக்காரு அண்ணாச்சி. அதே மாதிரி! இல்லை, எப்பவாவது, அடிக்கடின்னு. சரி, இதையாவது நல்லபடியா முடிப்போம்னு முன்னாடி வந்து உக்காந்தேன். தூக்கம் எப்பிடி இருக்குன்னு அவளைப் பாத்துக் கேக்காரு. 'நல்லாத் தூங்குதா டாக்டர்'னேன். பசி? 'நேரத்துக்குச் சாப்பிடுதா.' செத்துப்போயிரலாம்னு தோணியிருக்காம்மான்னு கேட்டாரு. 'சேச்சே, என்ன கேள்வி டாக்டர் இது, எம்மவளுக்கா?'ன்னேன். பேனாவை மூடிக் கீழ வச்சுட்டாரு.

தூங்கலதான். விட்டத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கா. எனக்குத் தெரியாதா? நானும்தான முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஆனா அதை அப்பிடியே சொன்னா பெரிய சீக்குன்னு எழுதிருவாவல்லா? கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை. ஊருக்குத் தெரிஞ்சா எவன் வருவான்? அதான் இன்னைக்குப் பஸ்ஸுல வரும்போதே சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். 'ஆவுடை, என்ன கேட்டாலும் இல்லைன்னு தலையாட்டிரு. எல்லாம் நல்லாருக்குன்னு எழுதி விட்ருவாரு. நாம வீட்டுக்குப் போயிரலாம்.' சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே வந்தா. கேட்டாளோ கேக்கலையோ தெரியல.

இம்புட்டு நேரம் உள்ள என்னதான் நடக்கு? பேசாத பிள்ளையை வச்சுக்கிட்டு அவரு என்ன செய்யுதாரு? அவளை நான் எம்புட்டு ஆசையா வளத்தேன் தெரியுமா? ஒருநா அடிச்சதில்ல. அவ ஒரு வார்த்தை பேசட்டும், போதும். என்னைய ஏசட்டும், அதுகூடப் போதும். நான் அந்தக் கம்பெனி, கேஸு எல்லாத்தையும் விட்டுருதேன்.

இருங்க, கதவைத் தொறக்காவ.

நான்தான் சிஸ்டர், ஆவுடையம்மாளோட அப்பா. சொல்லுங்க. என்னது? பேசினாளா? ஆவுடையா? நெசமாவா சிஸ்டர்? அண்ணாச்சி, எம்மவ பேசிட்டாளாம்! எந்தாயி, கோமதி! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன் சிஸ்டர். என்ன சொன்னா? மெதுவாச் சொல்லுங்க.

இங்கயே கொஞ்ச நாளு தங்குதேன்னாளா? தங்கட்டும். எம்புட்டு நாளானாலும் தங்கட்டும். அம்மையைத் தொணைக்கு வரச்சொன்னாளா? இந்தா, இப்பமே போன் போடுதேன். வேற என்ன சொன்னா?

யாரை?

என்னைய உள்ள விடவேண்டாம்னா சொன்னா?

இல்ல சிஸ்டர். நீங்க சரியாக் கேட்டிருக்கமாட்டீங்க. அவளுக்குச் சின்னக் குரலு, புதுசாக் கேக்கவங்களுக்கு வெளங்காது. அதை எழுதிராதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதை மட்டும் எழுதவேண்டாம்னு. எம்மவ அப்பிடிச் சொல்லுத பிள்ளை இல்ல. எனக்குத் தெரியாதா அவளை? அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்களேன். ஏன் அண்ணாச்சி தரையைப் பாக்கீங்க?

கொஞ்சம் வழிவிடுங்க சிஸ்டர். நான் உள்ள போயி ஒரே ஒரு நிமிஷம் அவளைக் கேட்டுட்டு, அவ என்ன சொல்ல வந்தான்னு சரியாச் சொல்லிருதேன்.